"எழுந்திருக்காதீங்க" என்று சொல்லாதீர்கள்: முதியோர் இல்ல நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

முதியோர் இல்லங்களை நடத்துவோருக்கு,

வணக்கம்.

உங்கள் கூடத்தில் காலை முதல் மாலை வரை கேட்டுக்கொண்டே இருக்கும் வாக்கியம் ஒன்று உண்டு. "எழுந்திருக்காதீங்க, விழுந்துடுவீங்க, இதோ வர்றேன்." சொல்கிறவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆள் போதவில்லை, இன்னும் நாலு பேரைக் குளிப்பாட்ட வேண்டும், இவர் விழுந்தால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். அந்த வாக்கியத்தை மாதக்கணக்கில் கேட்கிறவரின் கால்களுக்கு என்ன ஆகிறது என்பதைப் பற்றியது இந்த மடல். நாங்கள் முதியோரின் நடையையும் சமநிலையையும் சீராக்குவதையே தொழிலாகக் கொண்ட இயன்முறை மருத்துவர்கள். உங்களிடம் கேட்பது ஒன்றுதான்: உட்கார வைத்துக் காப்பாற்றுவதை விட்டுவிட்டு, நிற்க வைத்துப் பழக்க நேரமும் ஆளும் ஒதுக்குங்கள்.

நடக்கும்போது முன்னால் வீசும் காலின் நுனி, தரையிலிருந்து ஒன்று அல்லது இரண்டு சென்டிமீட்டர் உயரத்தில்தான் கடந்து போகிறது. இளைஞருக்கும் அப்படித்தான். மடிந்து கிடக்கும் மிதியடி ஓரமே இடறுவதற்குப் போதும். ஆக, இடறுவது எல்லா வயதிலும் நடக்கிறது. இடறிய மறுகணம் இன்னொரு காலை விருட்டென்று முன்னே போட்டு உடம்பைத் தாங்கிக்கொள்ள முடிகிறதா என்பதில்தான் வயது வந்து நிற்கிறது. அதற்கு ஒரு நொடிகூடக் கிடைப்பதில்லை. அந்தப் பாய்ச்சலைத் தருகிற, வேகமாகச் சுருங்கும் தசை இழைகள்தான் முதுமையில் அதிகம் மெலிகின்றன. 2007இல் வெளியான ஓர் ஆய்வில், ஆரோக்கியமாக இருந்த 12 முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்திருந்து அளந்தார்கள். கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை போயிருந்தது. நோயில்லை, காய்ச்சலில்லை, வெறும் படுக்கை. உங்கள் இல்லத்தில் சளிக்காய்ச்சலில் ஒரு வாரம் படுத்து எழுந்தவரை, போன வாரம் நடந்தவர்தானே என்று பழையபடி தனியே குளியலறைக்கு அனுப்பாதீர்கள். நாற்காலியில் இருத்தப்பட்டவரும் கொஞ்சம் மெதுவாக அதே இடத்துக்குத்தான் போய்ச் சேருகிறார்.

65 வயதைத் தாண்டியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் ஆண்டுக்கு ஒரு முறையாவது விழுகிறார். உலகம் முழுவதும் ஆண்டுதோறும் 6,84,000 பேர் விழுந்ததனால் இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார அமைப்பின் கணக்கு. அதில் பெரும்பங்கு 60ஐத் தாண்டியவர்கள். இதைத் தடுக்கப் பயிற்சி உதவுமா என்பது இன்று விவாதமே இல்லை. பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து அலசும் கொக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு 2019இல் வந்தது; அது 108 ஆய்வுகளில் 23,407 பேரைச் சேர்த்துப் பார்த்தது. பயிற்சி செய்தவர்கள் விழுவது 23 சதவீதம் குறைந்திருந்தது. சமநிலைப் பயிற்சியோடு தசை வலுப் பயிற்சியும் சேர்ந்த இடத்தில் 34 சதவீதம் வரை.

ஒன்றை மறைக்க வேண்டியதில்லை. அந்த ஆய்வுகளில் இருந்தவர்கள் தத்தம் வீடுகளில் வசித்தவர்கள். முதியோர் இல்லங்களில் நடந்த ஆய்வுகளை மட்டும் தொகுத்தபோது பலன் அவ்வளவு தெளிவாக இல்லை. ஒரு இல்லத்தில் பலன், இன்னொன்றில் ஒன்றுமில்லை. எங்கள் பார்வையில் காரணம் பயிற்சியின் அளவும் கடினமும்தான். ஆஸ்திரேலியாவில் 16 முதியோர் இல்லங்களில் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வில், வாரம் இரண்டு முறை, முறைக்கு ஒரு மணி நேரம், 25 வாரம் என்று மொத்தம் 50 மணி நேரம் எடையோடும் சமநிலையோடும் பயிற்சி தந்தார்கள். பிறகு ஆறு மாதம் அதைக் கைவிடாமல் தொடர்ந்தார்கள். விழுவது 55 சதவீதம் குறைந்தது. உட்கார்ந்தபடி கையை மேலே தூக்கிக் கீழே இறக்கும் காலை உடற்பயிற்சியில் இந்த எண் வராது. அது கூடிச் சிரிக்க நல்ல நேரம், மூட்டுக்கும் நல்லது, நிறுத்தச் சொல்லவில்லை. அதை விழுவதைத் தடுக்கும் பயிற்சி என்ற கணக்கில் எழுதாதீர்கள், அவ்வளவுதான். நடைப்பயிற்சியும் அப்படியே. கூடத்தைச் சுற்றி நடப்பது மட்டுமே விழுவதைக் குறைப்பதாகத் தெளிவான சான்று இல்லை. கால் தளர்ந்தவரைச் சமநிலைப் பயிற்சி சேராமல் வேகமாக நடக்க வைத்தால் விழும் வாய்ப்புத்தான் கூடும்.

பயிற்சிக்கு முன் அளவெடுங்கள். இல்லத்தில் இருப்பவர் அனைவரையும் விழும் ஆபத்து உள்ளவர்களாகவே கொள்ள வேண்டும் என்று, முதியோர் விழுவதைத் தடுப்பதற்கான 2022இன் உலகளாவிய வழிகாட்டுதல் சொல்லிவிட்டது. ஆகவே ஆபத்தின் அளவைக் காட்டச் சிவப்புப் பட்டை யாருக்கு, மஞ்சள் யாருக்கு என்று பிரிப்பதில் நேரத்தைச் செலவிட வேண்டாம். யாருக்கு எது குறைகிறது என்பதைப் பார்க்கத்தான் அளவு.

கைப்பிடி வைத்த ஒரு நாற்காலி, இருக்கை உயரம் சுமார் 46 செ.மீ. அதன் முன் 3 மீட்டர் தூரத்தில் தரையில் ஒரு கோடு. எழுந்து, வழக்கமான வேகத்தில் கோடு வரை நடந்து, திரும்பி வந்து உட்கார எத்தனை நொடி? 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் கவனிக்க வேண்டியவர். வழக்கமாகப் போடும் காலணியோடு, வழக்கமான கைத்தடியோடு செய்யலாம். இதில் அடிக்கடி கெடுவது "சீக்கிரம், சீக்கிரம்" என்று பக்கத்தில் நின்று உற்சாகப்படுத்துவது. வேகப் போட்டியாக்கினால் எண் பொய்யாகிவிடும். நொடியை மட்டும் எழுதாமல் திரும்பும் இடத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். நாலைந்து சின்ன அடி வைத்துச் சுற்றுகிறாரா, சுவரைத் தேடுகிறாரா, உட்காரும்போது தொப்பென்று விழுகிறாரா? எங்களுக்கு அந்தக் குறிப்பு நொடியைவிடப் பயன்படும்.

அடுத்தது கைப்பிடி இல்லாத, 43 செ.மீ. உயர நாற்காலி, வழுக்காமல் சுவரோடு சேர்த்துப் போட வேண்டும். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு 30 நொடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது? 70 முதல் 74 வயதில் ஆணுக்கு 12க்குக் கீழ், பெண்ணுக்கு 10க்குக் கீழ் என்றால் குறைவு. 80 முதல் 84 வயதில் ஆணுக்கு 10, பெண்ணுக்கு 9. கையை ஊன்றி எழுந்தால் எண்ணிக்கை பூஜ்யம். இரக்கப்பட்டுப் பாதி போடக் கூடாது. மூன்றாவது, நிற்பது: பாதங்களைச் சேர்த்து, பிறகு ஒரு பாதத்தைப் பாதியளவு முன் தள்ளி, பிறகு ஒரு குதிகால் மற்றக் காலின் விரல் நுனியைத் தொடும்படி நேர்கோட்டில், கடைசியாக ஒற்றைக் காலில். ஒவ்வொன்றும் 10 நொடி. நேர்கோட்டு நிலையில் 10 நொடி நிற்க முடியாதவருக்கு ஆபத்து அதிகம்.

இதோடு ரத்த அழுத்தத்தையும் இரண்டு நிலையில் பாருங்கள். ஐந்து நிமிடம் படுத்திருந்த பின் ஒரு முறை, எழுந்து நின்ற 1 நிமிடத்திலும் 3 நிமிடத்திலும் மறுபடி. மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் மருத்துவருக்குச் சொல்ல வேண்டும். உட்கார்ந்த நிலையில் மட்டும் எடுத்து "நார்மல்" என்று எழுதிய ஏட்டில் இது தெரியவே தெரியாது.

இனி பயிற்சி. ஒரு குழுவுக்கு எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம். பயிற்சி தர ஒருவர், பக்கத்தில் நிற்க ஒருவர்.

முதல் பாதி கால் வலு. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் உருவான ஒட்டாகோ பயிற்சித் திட்டத்தின் ஐந்து அசைவுகள் இன்றும் நல்ல தொடக்கம். உட்கார்ந்து முழங்காலை நீட்டுவது, நின்று முழங்காலைப் பின்னால் மடக்குவது, நின்று காலைப் பக்கவாட்டில் தூக்குவது ஆகிய மூன்றும் கணுக்காலில் எடைப்பட்டை கட்டிக்கொண்டு. குதிகாலை உயர்த்துவது, விரல்களை உயர்த்துவது ஆகிய இரண்டும் எடை இல்லாமல். தளர்ந்தவருக்கு 1 கிலோவில் தொடங்குங்கள். சரியான எடை எது? எட்டு முதல் பத்து முறை ஒழுங்காகத் தூக்கியதும் கால் களைக்க வேண்டும். இருபது முறை அலுக்காமல் தூக்கினால் அது எடையே இல்லை. தூக்க 2, 3 நொடி, இறக்க 4, 5 நொடி. இறக்குவதுதான் பாதி வேலை; எல்லோரும் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள், கால் தானாக விழுந்துவிடுகிறது. பத்துப் பத்தாக இரண்டு சுற்று சுலபமாகிவிட்டால் அடுத்த வாரம் எடையைக் கூட்ட வேண்டும். யாருக்கு எத்தனை கிலோ, எந்தத் தேதியில் கூட்டினோம் என்று ஏடு இருக்கட்டும். ஆறு மாதமாக எல்லோரும் அதே 1 கிலோவில் இருக்கிறார்கள் என்று அந்த ஏடு காட்டினால், ஐந்து மாதம் வீணாகிவிட்டது என்று பொருள்.

நாற்காலியிலிருந்து எழுவதைத் தனியே பழக்குங்கள். அது பயிற்சியும்கூட, வாழ்க்கையும்கூட. இருக்கையின் முன் விளிம்புக்கு நகர வேண்டும். பாதங்களை முழங்காலுக்கும் பின்னே இழுத்துக்கொள்ள வேண்டும். மூக்கு கால்விரல்களுக்கு மேல் வரும் வரை உடம்பை முன்னே சாய்த்து, பாதத்தால் தரையை அழுத்தி எழ வேண்டும். எழ முடியாமல் மூன்று முறை ஆடி ஆடிப் பின்னே விழுகிறவர்களைக் கவனியுங்கள்: பெரும்பாலும் பாதம் முன்னே நீட்டிக்கிடக்கும், முதுகு பின்னே சாய்ந்திருக்கும். காலில் வலு இருந்தும் எழ முடியாததற்குக் காரணம் அதுதான். ஆழமான, மெத்தென்ற சோபாக்களும் இதே வேலையைச் செய்கின்றன. உயரமான இருக்கையில் தொடங்கி, வாரங்கள் போகப் போக உயரத்தைக் குறைக்கலாம். உட்காருவதும் மெதுவாக இருக்க வேண்டும்; தொப்பென்று உட்காருவது முதுகெலும்புக்கும் கெடுதல்.

மறு பாதி சமநிலை. அசையாத கைப்பிடிக் கம்பி ஓரமாக, அல்லது கனமான மேசை ஓரமாக நிற்க வைத்துச் செய்ய வேண்டும். இரண்டு விதத்தில் கடினம் கூடுகிறது. ஒன்று கை: இரு கையால் பிடித்து, ஒரு கையால் பிடித்து, இரண்டு விரலால் தொட்டு, கடைசியில் கையைக் கம்பிக்கு மேலே வெறுமனே வைத்து. மற்றது கால்: சேர்த்து, பாதி முன்னே, நேர்கோடு, ஒற்றைக் கால். இரண்டையும் ஒரே நாளில் கூட்டாதீர்கள். நிற்பது கைவந்ததும் எட்டுவதற்குப் போகலாம். தோளுயரத்தில், கைக்கு எட்டாத தூரத்தில் ஒரு பொருளை வைத்து எடுக்கச் சொல்வது. பின்னால் நிற்பவரைத் திரும்பிப் பார்க்கச் சொல்வது. பிறகு நகர்வது: பக்கவாட்டில் நடப்பது, பின்னோக்கி நடப்பது, இரண்டு நாற்காலியை எட்டுப் போட்டுச் சுற்றுவது, தரையில் ஒட்டிய பட்டைகளைத் தாண்டுவது. பின்னோக்கி நடப்பதை யாரும் கற்றுத்தருவதே இல்லை. ஆனால் அலமாரிக் கதவைத் திறக்கும்போதும் நாற்காலியில் உட்காரப் போகும்போதும் எல்லோரும் பின்னோக்கித்தான் அடி வைக்கிறார்கள்.

சரியான கடினம் எது என்று எங்களைக் கேட்டால், தள்ளாட வேண்டும், விழக்கூடாது என்போம். ஒரு மணி நேரம் யாருமே தள்ளாடவில்லை என்றால் அது பயிற்சி வகுப்பு அல்ல. கணுக்கால் துடிக்க வேண்டும், இடுப்பு அசைந்து திருத்த வேண்டும், சில நேரம் ஓர் அடி எடுத்து வைத்துத் தப்பிக்க வேண்டும். உடம்பு கற்றுக்கொள்வது அந்தத் திருத்தத்தைத்தான். இருகையாலும் கம்பியை இறுகப் பிடித்து ஒற்றைக் காலில் நிற்கிறவருடைய கைதான் பயிற்சி பெறுகிறது. உங்கள் பணியாளர்களுக்கு இதை ஒப்புக்கொள்வது கடினம் என்பது தெரியும். முதியவர் தள்ளாடியதும் ஓடிப்போய்த் தாங்குவது அவர்களுடைய இயல்பு. அதனால்தான் இடுப்புப் பட்டை அவசியம். நடை இடுப்புப் பட்டையைக் கட்டி, வலு குறைந்த பக்கத்தில் அரை அடி பின்னால் நின்று, பட்டையில் கையை இழுக்காமல் வைத்திருந்தால் தள்ளாட விடலாம். உண்மையாகவே சரிந்தால் பிடிக்கலாம். அக்குளில் கை கொடுத்துத் தூக்குவதும் மணிக்கட்டைப் பிடித்து இழுப்பதும் தோள்மூட்டைக் கெடுக்கும். கண்ணை மூடிச் செய்வது கடைசிக் கட்டம். சுவர் மூலையில் நின்று, முன்னால் ஒரு நாற்காலியை வைத்துக்கொண்டு மட்டும்.

நடந்துகொண்டே பேசச் சொல்லியும் பழக்குங்கள். பேச்சுக் கொடுத்ததும் நின்றுவிடுகிற முதியவர்கள் பிறகு அதிகமாக விழுந்ததாக 1997இல் ஒரு ஆய்வு காட்டியது. நடையே முழுக் கவனத்தையும் விழுங்குகிறது என்பதற்கு அது அடையாளம். ஒரு கிண்ணத்தில் தண்ணீர் ஏந்தி நடப்பது, இருபதிலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டே நடப்பது போன்றவை நல்ல வேலை. உறுதியாக நடக்கத் தொடங்கிய பின் மட்டும் இதைச் சேர்க்க வேண்டும். அதுவரை, நடப்பவரிடம் தூரத்திலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவதைப் பணியாளர்கள் விட்டுவிடுவது நல்லது.

மார்பு வலி, தலைசுற்றல், பேச முடியாத மூச்சிரைப்பு, மூட்டில் புதிதாக வந்த கூர்மையான வலி ஆகியவற்றில் ஏதேனும் வந்தால் நிறுத்த வேண்டும். மறுநாள் தொடையில் இருக்கும் உளைச்சல் நிறுத்துவதற்குக் காரணம் அல்ல. அதை முன்கூட்டியே சொல்லிவைத்தால் ஆள் காணாமல் போக மாட்டார்.

மறதி நோய் உள்ளவர்களை "ஒத்துழைக்க மாட்டார்" என்று வெளியே உட்கார வைத்துவிடுவது பெரிய தவறு. அதிகம் விழுகிறவர்கள் அவர்கள்தான். சொல்லிப் புரிய வைக்காமல் எதிரே நின்று செய்து காட்டுங்கள். ஒரு நேரத்தில் ஒரே கட்டளை. அதே இடம், அதே நேரம், அதே முகம். "முழங்காலை நீட்டுங்கள்" என்பதைவிட, ஒரு பந்தைக் காட்டி "உதையுங்கள்" என்பது வேலை செய்யும்.

வாரம் இரண்டு மணி நேரம் போக மீதி நேரத்தில் என்ன நடக்கிறது என்பதும் முக்கியம். வீட்டில் வசிப்போரிடம் ஆஸ்திரேலியாவில் நடத்தி 2012இல் வெளியான ஆய்வு ஒன்று, பயிற்சியை அன்றாட வேலைக்குள்ளேயே நுழைத்தது: பல் தேய்க்கும்போது நேர்கோட்டில் நிற்பது, கீழ்த்தட்டில் இருப்பதை எடுக்க முழங்காலை மடக்கிக் குனிவது போல. விழுவது 31 சதவீதம் குறைந்தது. உங்கள் இல்லத்தில் இதன் வடிவம் எளிது. சாப்பாட்டுக் கூடத்துக்கு நடக்க முடிகிறவரை நடத்திக் கூட்டிவாருங்கள். சக்கர நாற்காலி வேகமானதுதான், ஆனால் வேகம் உங்கள் அட்டவணைக்குத்தான் தேவை. பதினைந்து நிமிடம் முன்னதாகத் தொடங்கினால் பாதிப் பேர் நடந்தே வருவார்கள். மீதிப் பேர் பாதித் தூரம் நடந்து பாதித் தூரம் உருண்டு வரலாம்.

கைத்தடி, வாக்கர் விஷயத்தில் நாங்கள் இல்லங்களில் காணும் பிழைகள் எல்லாம் ஒரே மாதிரிதான். கைத்தடியின் உயரம் யாரோ வாங்கியபடியே இருக்கும். கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது தடியின் பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேரே வர வேண்டும். பிடித்தால் முழங்கை சற்றே மடங்கியிருக்க வேண்டும். வலியோ வலுக்குறைவோ உள்ள காலுக்கு எதிர்க் கையில் பிடிக்க வேண்டும். பாதிப் பேர் அதே பக்கத்தில் பிடிக்கிறார்கள். அடியில் இருக்கும் ரப்பர் மூடியைத் திருப்பிப் பாருங்கள், வரிகள் தேய்ந்து வழவழவென்று இருந்தால் மாற்றுங்கள். வாக்கரைப் பொதுச் சொத்தாக வைக்காமல் ஒவ்வொன்றிலும் பெயர் எழுதுங்கள். உயரம் ஆளுக்கு ஆள் வேறு. உட்காரும்போது வாக்கரை விட்டுவிட்டு நாற்காலியை நோக்கித் தாவுகிற இடத்தில்தான் விழுகிறார்கள். வாக்கரோடு முழுதாகத் திரும்பி, இருக்கையின் விளிம்பு காலின் பின்புறத்தில் படும் வரை பின்னே வந்து, பிறகு கைகளை நாற்காலிக் கைப்பிடிக்கு மாற்றி உட்கார வேண்டும். காலில் பின்பட்டை இல்லாத செருப்போ வெறும் காலுறையோ வேண்டாம். மெல்லிய, உறுதியான அடிப்பாகமும் குதிகாலைப் பிடித்துக்கொள்ளும் பின்பக்கமும் உள்ள காலணிதான் வேண்டும். தடித்த மெத்தை அடிப்பாகம் சுகமாக இருக்கும், தரையை உணர விடாது.

தலைசுற்றல் பற்றிச் சில வரி. படுக்கையில் புரளும்போதும் அண்ணாந்து பார்க்கும்போதும் சில நொடி உலகமே சுழல்கிறது என்று ஒருவர் சொன்னால், அது உள்காதில் இடம் பெயர்ந்த சுண்ணத் துகள்களால் இருக்கலாம். தலையையும் உடலையும் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் படுக்க வைத்துக் கண் துடிப்பைப் பார்த்து உறுதிசெய்து, எப்ளி முறை என்ற தலை நகர்த்தலால் பலருக்கு ஓரிரு அமர்விலேயே சரிசெய்ய முடிகிறது. அதைச் செய்யாமல் மாதக்கணக்கில் தலைசுற்றல் மாத்திரை கொடுப்பது, மந்தத்தையும் தள்ளாட்டத்தையும் கூட்டுகிறது. தூக்க மாத்திரையும் மன அமைதிக்கான மருந்துகளும் அப்படியே. எங்களுக்கு மருந்தை நிறுத்தும் அதிகாரம் கிடையாது, உங்கள் பணியாளர்களும் தாமாக நிறுத்தக் கூடாது. ஆனால் விழுந்தவர் ஒவ்வொருவருடைய மருந்துப் பட்டியலும் மருத்துவர் மேசைக்குப் போக வேண்டும். கண் பரிசோதனையும் அப்படியே.

எவ்வளவு செய்தாலும் சிலர் விழுவார்கள். அதனால் தரையிலிருந்து எழுவதையும் கற்றுக்கொடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் தரையில் கிடப்பதே தனி ஆபத்து: தோல் புண், நீரிழப்பு, தசை சிதைவு. அடிபடாமலேயே எழ முடியாமல் கிடப்பவர்கள் பலர். முறை இது: ஒரு பக்கமாகப் புரண்டு, முழங்கையை ஊன்றிக் கையை ஊன்றி, நான்கு காலில் நிற்பது போல் வந்து, அசையாத நாற்காலி வரை தவழ்ந்து, இருக்கையின் மேல் இரு கையையும் வைத்து, வலுவான காலின் பாதத்தை முன்னே ஊன்றி, கையாலும் அந்தக் காலாலும் ஒருசேர அழுத்தி எழுந்து, திரும்பி உட்கார வேண்டும். பழக்கும்போது இதைத் தலைகீழாகப் பழக்குங்கள். முதல் வாரம் நாற்காலியிலிருந்து ஒரு முழங்காலை மெத்தையில் வைத்து மறுபடி எழுவது மட்டும். அடுத்து இரு முழங்கால். அப்புறம் நான்கு கால். கடைசியில்தான் படுப்பது. அப்படிச் செய்தால் எந்தக் கட்டத்திலும் அவர் தரையில் மாட்டிக்கொள்ள மாட்டார், பயமும் வராது. முழங்கால் மாற்றுச் சிகிச்சை செய்தவரும் மோசமான மூட்டுத் தேய்மானம் உள்ளவரும் முழங்காலை ஊன்ற முடியாமல் தவிப்பார்கள். அவர்களுக்கு உட்கார்ந்தபடியே நகர்ந்து தாழ்ந்த படி அல்லது முக்காலி மேல் ஏறுவதைக் கற்றுத்தரலாம்.

பணியாளர் செய்ய வேண்டியது வேறு. விழுந்தவரை உடனே தூக்கி நாற்காலியில் போடுவதுதான் எல்லோருக்கும் தோன்றும். செய்யாதீர்கள். இடுப்பில் கடும் வலி, ஒரு கால் குட்டையாகத் தெரிந்து பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருப்பது என்றால் தொடை எலும்பின் மேற்பகுதி முறிந்திருக்கலாம். அப்படியே போர்த்திவிட்டு மருத்துவ உதவியை அழையுங்கள். ரத்தம் உறையாதிருக்க மருந்து எடுப்பவர் தலையில் அடிபட்டால், பேசிச் சிரித்துக்கொண்டு இருந்தாலும் மருத்துவர் பார்க்க வேண்டும். ஏட்டில் "வழுக்கி விழுந்தார்" என்று ஒரே வரியில் முடிக்காமல் எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், எதைச் செய்யப் போய், காலில் என்ன, கையில் என்ன, விழுவதற்கு முன் தலைசுற்றியதா என்று எழுதுங்கள். ஒரு மாத ஏட்டைப் பரப்பிப் பார்த்தால் கழிப்பறைக்கு அவசரமாக எழுந்தவை ஒரு கொத்தாக நிற்கக் கூடும். அதற்கு மருந்து உடற்பயிற்சி அல்ல, எழும் நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பே போய்க் கேட்பது.

படுக்கைக் கம்பி, நாற்காலியில் கட்டும் பட்டை, படுக்கையிலிருந்து எழுந்தால் ஒலிக்கும் அலாரம் பற்றியும் கேட்பீர்கள். கட்டிவைப்பது விழுவதைத் தடுப்பதில்லை; கம்பி மேல் ஏறி விழுகிறவர் இன்னும் உயரத்திலிருந்து விழுகிறார், பட்டையில் சிக்கி மூச்சுத்திணறியவர்களும் உண்டு. அலாரத்தை மருத்துவமனைகளில் சோதித்து 2012இல் வெளியிட்டார்கள்: அலாரத்தின் பயன்பாடு கூடியது, விழுவது குறையவில்லை. ஒலி கேட்டு ஆள் வந்து சேர்வதற்குள் விழுந்து முடிந்திருக்கும்.

உங்கள் உண்மையான அச்சம் வேறு என்று நினைக்கிறோம். நடக்க வைத்து விழுந்தால் பிள்ளைகள் கேட்பார்கள். உட்கார வைத்துக் கால் போனால் யாரும் கேட்க மாட்டார்கள், அது வயது என்றாகிவிடும். இந்தக் கணக்கை மாற்றாமல் மற்ற எதுவும் மாறாது. ஆகவே சேர்க்கும் நாளிலேயே குடும்பத்தாரோடும், முக்கியமாக அந்த முதியவரோடும் உட்கார்ந்து பேசி எழுதிவையுங்கள்: இங்கே நடக்க வைப்போம், அதில் இந்த ஆபத்து உண்டு, இன்னின்ன பாதுகாப்பு செய்கிறோம், நடக்க வைக்காவிட்டால் இன்னது நடக்கும். சரியாக நடத்திய பயிற்சியில் பலத்த காயம் அபூர்வம். வருவது பெரும்பாலும் தசை வலியும் மூட்டு வலியும்தான். அதையும் அந்தத் தாளிலேயே எழுதலாம்.

எங்கள் தொழிலாரை அமர்த்தும் விதத்தையும் மாற்றுங்கள். வாரம் ஒரு நாள் வந்து, ஆளுக்குப் பத்து நிமிடம் படுக்கையில் காலை நீட்டி மடக்கிவிட்டுப் போவதற்குத் தரும் பணத்தில் யாருடைய நடையும் தேறாது. அதே பணத்தில் இரண்டு குழு வகுப்புகளும், மாதம் ஒரு முறை மறு அளவும், பணியாளர் இருவருக்குப் பயிற்சியும் கேளுங்கள். அந்த இருவர்தான் முக்கியம். இயன்முறை மருத்துவர் விடுப்பில் போன மாதத்தில் வகுப்பு நின்றால், வந்த பலன் கரையத் தொடங்கிவிடும்.

தொடங்க அதிகம் தேவையில்லை. இரண்டு வித உயரத்தில் இரண்டு நாற்காலி, 3 மீட்டர் அளக்க ஒரு நாடா, ஸ்டாப்வாட்ச், கணுக்கால் எடைப்பட்டை அரை கிலோ முதல் மூன்று கிலோ வரை சில ஜோடி, இரண்டு இடுப்புப் பட்டை, சுவரில் உறுதியாகப் பதித்த ஒரு கம்பி, ஒரு ஏடு. முதல் வாரம் முழுவதும் அளவெடுப்பதற்கே போகட்டும். முதலில், கடந்த ஓராண்டில் விழுந்தவர்களைக் கூப்பிடுங்கள். அதற்குப் பின், விழுந்துவிடுவோமோ என்று பயந்து எழுவதையே நிறுத்தியவர்கள். அவர்கள் தாமாகக் கை தூக்க மாட்டார்கள், கூடத்தின் ஓரத்து நாற்காலிகளில் நீங்கள்தான் தேட வேண்டும்.

இப்படிக்கு,
முதியோர் நடை, சமநிலைப் பயிற்சியில் பணிபுரியும் இயன்முறை மருத்துவர்கள்